மிச்சச் சந்தேகம் யாருடையது?

தமிழ்நாட்டில் ஏதாவது ஒரு ஸ்கேன் சென்டரில் வயிற்றை ஸ்கேன் எடுத்துக்கொண்டவர்களுக்கு அந்த வாக்கியம் பழக்கமாகியிருக்கும். அறிக்கையின் அடியில், பெரும்பாலும் தடித்த எழுத்தில் இருக்கும்: 'சஜஸ்ட் கிளினிக்கல் கோரிலேஷன்.' படத்தில் கண்டதை நோயாளியின் உடம்போடும் கதையோடும் பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பொருள். நேர்மையான வாக்கியம்தான். ஆனால் அதை இன்னொரு மாதிரியும் வாசிக்கலாம்: என் வேலை முடிந்தது, மிச்சமிருக்கும் சந்தேகத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

கல்லீரலில் தற்செயலாகக் கண்ணில் படும் தீங்கற்ற கட்டிகளைப் பற்றிப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து இந்த இரண்டாவது வாசிப்புதான் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்றை வெட்டாமல், ஊசியால் துளித் திசுகூட எடுக்காமல், 'இது ஒன்றும் செய்யாது' என்று சொல்வதற்கு எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்? தெரிந்தது போக மிஞ்சுவதை யார் சுமப்பது?

படிக்க வேண்டி வந்தது சித்தியால். ஈரோட்டுப் பக்கம் இருக்கிறார், 52 வயது. பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்க்கப் போன இடத்தில் கல் இல்லை, பதிலாகக் கல்லீரலின் வலது பக்கத்தில் 2.3 சென்டிமீட்டரில் ஒரு வெள்ளைப் புள்ளி. 'லைக்லி ஹீமாஞ்சியோமா' என்று போட்டு, அதற்குக் கீழே கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு சிடி எடுக்கச் சொல்லியிருந்தார்கள். 'ஓமா' என்று முடிகிற எதுவும் நல்லதில்லை என்று சித்திக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். போனில் என்னிடம், "ஏங் கண்ணு, அதுதானா?" என்றார். எங்கள் வீட்டில் புற்றுநோய்க்குப் பெயர் கிடையாது. 'அது' மட்டும்தான். சிடிக்கும் டாக்டருக்கும் நாள் கிடைத்து முடிய மூன்று வாரம் ஆனது. அதற்குள் தன் இரட்டைவடச் சங்கிலியைக் கழற்றி, "சும்மா போட்டுப் பாரு சாமி" என்று மகளிடம் கொடுத்திருக்கிறார். மகள் அதைத் திருப்பிக் கொடுக்கவும் முடியாமல் போட்டுக்கொள்ளவும் முடியாமல் பீரோவில் வைத்திருந்தாள்.

ஹீமாஞ்சியோமா என்பது ரத்தக்குழாய்கள் ஒரே இடத்தில் சுருண்டு கிடக்கும் ஒரு முடிச்சு. கல்லீரலில் வரும் தீங்கற்ற கட்டிகளில் இதுதான் மிகச் சாதாரணம். ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. பெரும்பாலானோர் அப்படியொன்று இருப்பதே தெரியாமல் வாழ்ந்து, வேறு எதனாலோ இறந்துபோகிறார்கள். ஸ்கேன் இயந்திரம் ஊருக்கு ஊர் வந்த பிறகுதான் அது ஒரு 'விஷயம்' ஆனது. இப்படித் தேடாமல் அகப்படும் கட்டிகளுக்கு 1982-இல் 'இன்சிடென்டலோமா' என்று பெயரே வைத்துவிட்டார்கள், முதலில் அட்ரினல் சுரப்பிக் கட்டிகளுக்காக. 2003-இல் ஒரு மருத்துவர் பிஎம்ஜே இதழில் 'நவீனப் படமெடுப்புத் தொழில்நுட்பத்தால் பாதிக்கப்பட்டோர்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர் ஒன்றை உருவாக்கினார். முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'வாமிட்' என்று வரும். மருத்துவர்களின் நகைச்சுவை அந்தத் தரத்தில்தான் இருக்கும்போல.

ஆங்கிலத்தில் இவற்றை 'பினைன்' என்கிறார்கள். லத்தீன் வேரில் அதற்குக் கனிவான, நல்லெண்ணம் கொண்ட என்று பொருள். கட்டிக்கு ஒரு குணத்தையே கொடுத்துவிடுகிறது அந்தச் சொல். தமிழில் 'தீங்கற்ற' என்கிறோம். தீங்கு என்ற சொல்லைச் சொல்லிவிட்டுத்தான் இல்லை என்கிறோம். எனக்குத் தமிழ்ச் சொல்தான் சரியாகப் படுகிறது. அந்தக் கட்டிக்கு நல்லெண்ணம் எதுவும் கிடையாது. அது தீங்கு செய்யாது என்று யாரோ ஒருவர் முடிவு செய்கிறார், அவ்வளவுதான்.

எப்படி முடிவு செய்கிறார் என்பது அழகான விஷயம். கல்லீரலுக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது. ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக, மீதி தமனி வழியாக. கையில் கான்ட்ராஸ்ட் ஊசி போட்டதும் மருந்து முதலில் தமனி வழியாக வந்து சேரும், அதற்குப் பிறகுதான் சிரை வழியாக. அதனால் ஒரே படம் போதாது. ஏறத்தாழ 30 விநாடியில் ஒன்று, 70 விநாடியில் ஒன்று, சில நிமிடம் கழித்து இன்னொன்று. ஹீமாஞ்சியோமாவில் மருந்து முதலில் ஓரத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும், பிறகு மெதுவாக உள்ளே பரவும். மடை திறந்துவிட்டதும் வரப்போரம் நனைந்து, நடு வயல் கடைசியில் நனைகிற மாதிரி. கல்லீரல் புற்றுநோய் பெரும்பாலும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். தமனி ரத்தத்தை அவசரமாக வாங்கிப் பளீரென்று மின்னிவிட்டு, சுற்றியிருக்கும் கல்லீரலுக்கு முன்பாகவே மங்கிவிடும்.

எஃப்என்எச் என்று இன்னொரு தீங்கற்ற கட்டி உண்டு. கல்லீரலின் சொந்தச் செல்களே ஒரு தழும்பைச் சுற்றிக் கூடிக்கொள்வது. எம்ஆர்ஐ எடுக்கும்போது கல்லீரல் செல்கள் உறிஞ்சிக்கொள்ளும் மருந்தொன்றைக் கொடுத்துவிட்டு 20 நிமிடம் காத்திருக்கிறார்கள். இந்தக் கட்டி அந்த மருந்தைக் கல்லீரலைப் போலவே, சில சமயம் அதைவிட அதிகமாகவும், வைத்துக்கொண்டிருக்கும். வேலை செய்கிறான், அதனால் நம்ம ஆள்தான் என்று முடிவெடுப்பது போல.

மென்பொருள்காரனுக்கு இது உடனே பிடிபடும். உள்ளே இருக்கும் கோடு தெரியாத ஒரு சிஸ்டத்துக்கு ஏதோ ஒன்றை அனுப்பி, என்ன திரும்புகிறது, எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று பார்ப்பதுதான் பாதி நாள் எங்கள் பிழைப்பு. ஆனால் அப்படிப் பார்த்து அறிவது நடத்தையை மட்டும்தான். படத்தில் கட்டி தெரிவதில்லை, கட்டிக்குள் ரத்தம் எப்படிப் போனது என்பதே தெரிகிறது. ஒருவரின் நடத்தையை மூன்று நிமிடம் பார்த்துவிட்டு அவர் தீங்கற்றவர் என்று சான்றிதழ் கொடுப்பதற்கு எது துணிச்சல் தருகிறது?

படம் மட்டும் தருவதில்லை. 2011-இல் அமெரிக்க ரேடியாலஜி கல்லூரி லை-ராட்ஸ் என்று ஒரு வகைப்பாட்டைக் கொண்டுவந்தது. உறுதியாகத் தீங்கற்றது ஒன்று, உறுதியாகக் கல்லீரல் புற்றுநோய் ஐந்து. ஐந்து என்று வந்துவிட்டால் பயாப்ஸி இல்லாமலேயே சிகிச்சையைத் தொடங்கலாம். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. சிரோசிஸ், நாள்பட்ட ஹெபடைடிஸ் பி போன்ற காரணங்களால் ஏற்கெனவே ஆபத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே அந்த அட்டவணை செல்லும். அதே படம், அதே மினுக்கம், ஆரோக்கியமான கல்லீரலில் வந்தால் அதை வைத்து மட்டும் புற்றுநோய் என்று சொல்லக்கூடாது. மறுபக்கமும் அப்படியே. ஐரோப்பியக் கல்லீரல் ஆய்வுச் சங்கத்தின் 2016 வழிகாட்டுதல்படி, கல்லீரல் நோயோ வேறு புற்றுநோயோ இல்லாத ஒருவருக்கு, 3 சென்டிமீட்டருக்குள், ஓரம் தெளிவாக, சீரான வெள்ளையாகத் தெரியும் புள்ளியை ஹீமாஞ்சியோமா என்று முடிவு செய்ய அல்ட்ராசவுண்டே போதும். சிடி வேண்டியதில்லை. பிறகு ஆறு மாதத்துக்கொருமுறை பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டியதில்லை.

அதாவது, படம் என்ன சொல்கிறது என்பது அது யாருடைய படம் என்பதைப் பொறுத்தது. முதலில் படித்தபோது எனக்கு இது ஏமாற்று வேலை மாதிரி இருந்தது. பிறகு விட்கென்ஸ்டைன் ஞாபகத்துக்கு வந்தார். 1949 இறுதியில் அவருக்கு புராஸ்டேட் புற்றுநோய் என்று தெரியவந்தது. 1951 ஏப்ரலில் தன் மருத்துவரின் வீட்டிலேயே இறந்தார். இறப்பதற்கு இரண்டு நாள் முன்புவரை எழுதிக்கொண்டிருந்த குறிப்புகள்தான் பின்னால் 'உறுதிப்பாடு குறித்து' என்று நூலாக வந்தன. அவற்றில் அவர் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. நம்புவதற்கு மட்டுமல்ல, சந்தேகப்படுவதற்கும் காரணம் வேண்டும். எதையும் சந்தேகிக்கலாம் என்பது சந்தேகமே ஆகாது, அது வெறும் வாய்வார்த்தை. சிரோசிஸ் உள்ளவரின் கல்லீரலில் சந்தேகத்துக்குக் காரணம் இருக்கிறது. சித்தியின் கல்லீரலில் இல்லை. இருந்தும் மூன்று வாரம் அந்தச் சந்தேகத்தோடு இருந்தது சித்திதான்.

சிடி எடுத்த பிறகு கல்லீரல் டாக்டரிடம் நானும் கூடப் போனேன். அந்த அம்மா படங்களைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டுப் பார்த்தார். கல்லீரல் நன்றாக இருக்கிறது, இது பல வருஷமாகவே இருந்திருக்கும், தொந்தரவு செய்யாது என்றார். சித்தி, "நூத்துக்கு நூறுங்களா டாக்டரம்மா?" என்று கேட்டார். அவர் அதற்கு எண்ணில் பதில் சொல்லவில்லை. "நான் சொல்றேங்கம்மா. இத மறந்துருங்க" என்றார். சித்தி விடவில்லை. "எதுக்கும் ஆறு மாசங் கழிச்சு ஒருக்கா எடுத்துப் பாத்துக்கட்டுங்களா?" டாக்டர், "வேண்டாம்" என்றார்.

அந்த 'வேண்டாம்' எவ்வளவு கனமானது என்று வீடு திரும்பும் வழியில்தான் உறைத்தது. எழுதிக்கொடுப்பது சுலபம். ஆறு மாதம் கழித்து ரிபீட் ஸ்கேன் என்று ஒரு வரி எழுதினால் யாரும் அவரைக் குறை சொல்ல முடியாது. சித்திக்கே அது ஆறுதலாகத்தான் பட்டிருக்கும். ஆனால் அதற்குப் பிறகு ஆறு மாதம், இன்னொரு ஆறு மாதம் என்று சித்தி ஒரு நோயாளியாக மாறியிருப்பார். டாக்டர் அந்த ஒரு வரியை எழுத மறுத்ததன் மூலம், ஆயிரத்தில் ஒன்றோ பத்தாயிரத்தில் ஒன்றோ, மிச்சமிருந்த சந்தேகத்தைத் தன் கணக்கில் எழுதிக்கொண்டார்.

இதில் எனக்கு ஒரு நெருடலும் உண்டு. 'நான் சொல்றேன்ல' என்ற அதே வார்த்தைதான் நம் ஊர் மருத்துவமனைகளில் வேறொன்றுக்கும் பயன்பட்டு வந்திருக்கிறது. உண்மையான புற்றுநோயைப் பெரியவரிடம் மறைத்து, வராந்தாவில் மூத்த மகனிடம் மட்டும் சொல்லிவிட்டு, உள்ளே வந்து "ஒண்ணுமில்லீங்கய்யா, நான் சொல்றேன்ல" என்பது. அதில் நோயாளியின் வாழ்க்கையை அவரிடமிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். அவர் செய்திருக்கக்கூடிய ஏதோ ஒன்றை, எழுத வேண்டிய உயிலையோ பேச வேண்டிய தம்பியையோ, செய்யவிடாமல் ஆக்குகிறார்கள். சித்திக்கு நடந்தது அதுவல்ல என்பேன். அந்த மிச்சச் சந்தேகத்தை வைத்துக்கொண்டு சித்தி செய்யக்கூடியது எதுவுமே இல்லை, பயப்படுவதைத் தவிர.

இந்த வித்தியாசம் எங்கே முறியும் என்பதற்கு இன்னொரு கட்டி இருக்கிறது. அடினோமா. அதுவும் தீங்கற்ற பட்டியலில்தான் வருகிறது. கருத்தடை மாத்திரைக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதை 1973-இலேயே கவனித்துவிட்டார்கள். 5 சென்டிமீட்டரைத் தாண்டினால் உள்ளுக்குள் ரத்தம் கசியும் ஆபத்து கூடுகிறது. சிலவகை புற்றாகவும் மாறலாம். ஆணுக்கு வந்தால் எந்த அளவாக இருந்தாலும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். பெண் என்றால், முதலில் மாத்திரையை நிறுத்திவிட்டு ஆறு மாதம் கழித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். இங்கே ஒரு இளம்பெண்ணிடம் "நான் சொல்றேன், மறந்துருங்க" என்றால் அது துரோகம். மாத்திரையை நிறுத்துவதா, குழந்தையை எப்போது திட்டமிடுவது என்று அவள் தீர்மானிக்க வேண்டியவை இருக்கின்றன. இந்தச் சந்தேகம் அவளுடைய சொத்து, அதை டாக்டர் வைத்துக்கொள்ளக்கூடாது.

எண்களை அப்படியே அச்சடித்துக் கொடுத்துவிட்டால் என்ன என்று பொறியியல் மனம் கேட்கும். என் மனமும் கேட்டது. முதுகெலும்பு ஸ்கேன்களில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட தேய்மானம் வலியே இல்லாத எத்தனை பேரிடம் காணப்படுகிறது என்ற தகவலை அறிக்கையிலேயே சேர்த்து, அமெரிக்காவில் ஏறத்தாழ 2,50,000 நோயாளிகளிடம் பரிசோதித்தார்கள். 2020-இல் முடிவு வந்தது. அடுத்தடுத்த சிகிச்சைகளும் பரிசோதனைகளும் மொத்தத்தில் குறையவில்லை, ஓபியாய்டு மருந்துச் சீட்டுகள் மட்டும் கொஞ்சம் குறைந்தன. தாளில் இருக்கும் உண்மையான எண்ணால் ஒரு ஆள் சொல்லும் 'வேண்டாம்' செய்ததைச் செய்ய முடியவில்லை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். வேறு மாதிரியும் படிக்கலாம்.

எங்கள் துறையில் இப்போது படத்தைப் பார்த்துக் கட்டியின் வகையைச் சொல்லும் மாடல்களைப் பலரும் செய்துகொண்டிருக்கிறார்கள். நல்ல மாடல் ஒன்று 'தீங்கற்றது, 0.97' என்று கொடுக்கும். அந்த எண் சரியானதாகவே இருக்கட்டும். 0.97 என்று வந்த நூறு பேரில் மூன்று பேருக்கு அது தவறு. எந்த எண்ணுக்கு மேல் போனால் வீட்டுக்கு அனுப்பலாம் என்ற கோட்டை ஒரு மீட்டிங்கில் நான்கைந்து பேர் வரைவார்கள். இப்படிக் கோடு வரையும் மீட்டிங்குகள் வேறு விஷயங்களுக்காக எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். பிறகு பிரச்சினை வரக்கூடாது என்ற ஒரே காரணத்துக்காகக் கோட்டைத் தள்ளித் தள்ளி வைப்பார்கள். அப்படித் தள்ளிவைக்கும் ஒவ்வொரு புள்ளிக்கும் எங்கோ சிலர் மூன்று வாரம் தூங்காமல் இருப்பார்கள். அது எந்த டேஷ்போர்டிலும் வராது.

மாடல் எண்ணைச் சொன்ன பிறகு, 'இன்னொரு ஸ்கேன் வேண்டாம்' என்று யாராவது எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இன்றைக்கே பல ஸ்கேன் அறிக்கைகளில், டாக்டரின் பெயருக்குக் கீழே, சட்டத் தேவைகளுக்கு இது செல்லாது என்று சின்ன எழுத்தில் அச்சிட்டிருக்கிறது.