தியாகிகளுக்காகச் செபிக்கலாமா?

வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில், கத்தோலிக்கர் மிகுந்து வாழும் ஃபால்ஸ் சாலையைச் சுற்றியுள்ள தெருக்களில், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஆயுதமேந்திய ஐரிஷ் குடியரசுப் படையைச் சேர்ந்து மடிந்தோரின் பெயர்களைத் தாங்கிய நினைவுத் தோட்டங்கள் பல உள்ளன. அவற்றுள் ஒன்று, 1969 ஆகஸ்டில் கலவரக்காரர்கள் தீயிட்டு அழித்துப் பின்னர் மீண்டும் எழுந்த பாம்பே தெருவில், குளோனார்டு மடாலயத்திற்கு அருகே, கத்தோலிக்க, புரோட்டஸ்டன்ட் சமூகங்களைப் பிரிக்கும் உயர்ந்த மதிலை ஒட்டி அமைந்துள்ளது. அதன் பெயரிலேயே 'தியாகிகள்' என்ற சொல் இடம்பெற்றிருக்கிறது.

இத்தகைய இடங்களில் ஈஸ்டர் நாளையொட்டி மலர்வளையம் வைத்து, இறந்தோர் பட்டியலை உரக்க வாசித்து, செபமாலையின் ஒரு பத்து மணிகளைச் சொல்லும் வழக்கம் உண்டு. இங்கேதான் சிக்கல் எழுகிறது. இறந்தோருக்கான செபம் என்பது, விண்ணகம் சேருமுன் தூய்மை பெற வேண்டியுள்ள ஆன்மாக்களுக்காக, அதாவது உத்தரிக்கும் தலத்தில் இருப்போருக்காக, உயிரோடிருப்போர் இறைவனிடம் இரக்கம் கேட்பதாகும். விசுவாசத்திற்காக உயிர்நீத்த தியாகியான மறைசாட்சிக்கோ அந்த இரக்கம் தேவையில்லை என்றும், அவருக்காகச் செபிப்பது அவரை இழிவுபடுத்துவதே என்றும் புனித அகுஸ்தீன் கருதினார். பெற்ற தண்டனை அல்ல, கொண்ட நோக்கமே ஒருவரை மறைசாட்சியாக்குகிறது என்பதும் அவர் வகுத்த அளவுகோல்தான்.

அந்த அளவுகோலைக் கையில் எடுக்கத் திருச்சபையே தயங்கிய தருணம் ஒன்றுண்டு. 66 நாள் உண்ணாவிரதத்திற்குப் பின் 1981 மே 5 அன்று சிறையில் இறந்த, ஐரிஷ் குடியரசுப் படையைச் சேர்ந்த பாபி சாண்ட்ஸிடம், போராட்டத்தைக் கைவிடுமாறு வேண்டத் திருத்தந்தை தம் தூதரை ஒரு பாடுபட்ட சிலுவையுடன் அனுப்பியிருந்தார். இங்கிலாந்தின் கர்தினால் ஹியூமோ அந்த உண்ணாவிரதத்தை வன்முறையின் ஒரு வடிவமாகவே கண்டார். ஆயினும், தற்கொலை செய்தவர் என்று ஒதுக்கப்படாமல், கத்தோலிக்கச் சடங்குகளோடுதான் சாண்ட்ஸ் மில்டவுன் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இரக்கம் காட்டியாயிற்று, தீர்ப்பு மட்டும் வழங்கப்படவில்லை. அது கோழைத்தனம் என்று சொல்வோர் உண்டெனினும், இறந்தவரின் உள்ளத்தை மனிதர் அளக்க இயலாது என்ற பழைய அடக்கமும் அதில் இருந்தது.

தன் தெருவில் பிறந்த பிள்ளைக்காக அழுவதில் குற்றமில்லை. ஆனால் 1972 ஜூலை 21 அன்று இதே பெல்ஃபாஸ்ட் நகரில் ஐரிஷ் குடியரசுப் படை வைத்த குண்டுகளுக்கு ஒன்பது பேர் பலியாயினர். போராளிகள் அல்லாதோரைக் கொன்றதற்காக 2002இல் அப்படையே மன்னிப்புக் கேட்டது. மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தவர்களுக்குப் பெயர்ப்பலகையின் புகழைவிட, அதன் முன் முணுமுணுக்கப்படும் அந்தப் பத்து மணிச் செபமே பொருத்தமானது.