அம்பரப்பர் மலையில் மூன்று அளவைகள்

தேனி மாவட்டப் பொட்டிபுரத்தில் அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கும் திட்டத்தைப் பற்றி இதுவரை பேசியவர்களை இரண்டு கட்சிகளாகப் பிரித்துவிடலாம். அறிவியல் தெரியாத மக்கள் பயந்துபோய் நல்ல திட்டத்தைத் தடுத்துவிட்டார்கள் என்பது ஒரு கட்சி. மலையை அழிக்க வந்த அறிவியலை மக்கள் விரட்டிவிட்டார்கள் என்பது மறு கட்சி. இரண்டுமே ஒரு கேள்வியைத் தொடாமல் தாண்டிப் போகின்றன. கண்ணால் பார்க்க முடியாத ஒன்றைப் பற்றி ஒருவர் சொல்கிறார். கேட்பவர் எதை வைத்து அதை நம்புவது? இது நம் மெய்யியலின் மிகப் பழைய கேள்வி. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் இறைவனைப் பற்றி வாதிடப் புகுமுன் இந்தக் கேள்விக்குத்தான் முதலில் விடை தேடுகிறார். பிறர் ஆறு என்றும் பத்து என்றும் எண்ணிய அளவைகளைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்குகிறார். நேரில் கண்டு அறிவது, கண்டதைக் கொண்டு காணாததை ஊகித்து அறிவது, தகுந்தவர் சொல்லக் கேட்டு அறிவது. பொட்டிபுரம் விவகாரத்தை இந்த மூன்றிலும் நிறுத்துப் பார்த்தால், அங்கே உடைந்தது கருதல் அல்ல, உரைதான் என்பது என் வாதம்.

முதலில் கருதல். நியூட்ரினோ பிறந்ததே கருதலில்தான். அணுக்கரு எலக்ட்ரானை உமிழும் பீட்டா சிதைவில் ஆற்றல் கணக்கு உதைத்தது. அந்தக் கணக்கை நேர்செய்ய, மின்னேற்றம் இல்லாத ஒரு துகள் இருக்க வேண்டும் என்று 1930இல் இயற்பியலாளர் பவுலி ஊகித்தார். அதைக் கருவிக்குள் சிக்கவைக்க ரைன்ஸும் கோவனும் 1956 வரை உழைக்க வேண்டியிருந்தது. நம் பக்கத்திலேயே கோலார் தங்கவயலில், தரைக்குக் கீழே சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்களின் தடயம் உலகிலேயே முதல் தடவையாகப் பிடிபட்ட இடங்களில் ஒன்று இருந்தது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் இறங்கி வெட்டிய சுரங்கம் அது. இன்னும் துலக்கமான உதாரணம் ரேமண்ட் டேவிஸ் என்ற வேதியியலாளர். அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் சுரங்கத்தில், துணிகளின் உலர்சலவைக்குப் பயன்படும் திரவத்தை 600 டன்னுக்கு மேல் ஒரு தொட்டியில் நிரப்பினார். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ எப்போதாவது ஒரு குளோரின் அணுவை ஆர்கான் அணுவாக மாற்றும். அந்தக் கடலளவு திரவத்திலிருந்து ஒவ்வோர் ஆர்கான் அணுவாகப் பிரித்தெடுத்து, சுமார் 30 ஆண்டுகளில் அவர் எண்ணியவை ஏறத்தாழ 2,000. வரவேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் வந்தது. வேதியியலில் தவறு என்றார்கள், சூரியனைப் பற்றிய கோட்பாட்டில் தவறு என்றார்கள். வருகிற வழியில் நியூட்ரினோ தன் வகையை மாற்றிக்கொள்கிறது என்பது கனடாவின் சட்பரி ஆய்வகத்தில் 2001, 2002 ஆண்டுகளில்தான் உறுதியானது. ஒரு மனிதரின் எண்ணிக்கை மீதான ஐயத்தை முப்பது ஆண்டுகள் உயிரோடு வைத்திருந்து, கடைசியில் அதிலிருந்தே புதிய உண்மையை எடுத்த துறை இது. இதை நம்பக்கூடாது என்று சொல்ல எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

பொட்டிபுரத்து மக்களுக்கு இப்படிப்பட்ட ஊகம் எட்டாது என்பதும் சரியல்ல. காண்டல் ஒன்றே போதும் என்ற பூதவாதியிடம், உன்னைப் பெற்றவர்களை நீ எப்படி அறிந்தாய் என்று வஞ்சி நகரில் மணிமேகலை கேட்கிறாள். கருதல் இல்லாமல் யாரும் ஒரு நாள்கூட வாழ முடியாது என்பதுதான் அவள் மடக்கின் உட்பொருள். பொட்டிபுரத்துக்குப் பக்கத்து ஊரான போடியின் வாழ்வே அதற்குச் சாட்சி. ஏலக்காய் ஏலத்தில் வியாபாரிக்கு மூட்டை கண்ணில் படாது. வருவது ஒரு தட்டு மாதிரி. ஒரு பிடியை உள்ளங்கையில் கொட்டி நிறம் பார்ப்பார், ஒரு காயை நகத்தால் கீறி உள்ளே விதை கறுத்துத் திரண்டிருக்கிறதா என்று பார்ப்பார், முகர்வார், 8 எம்எம் எவ்வளவு தேறும், லிட்டர் எடை எவ்வளவு வரும் என்று மனக்கணக்குப் போட்டுப் பல லட்சம் ரூபாய்ச் சரக்குக்கு விலை சொல்வார். பிடியிலிருந்து மூட்டைக்குப் போகும் அந்தத் தாவல் சுத்தமான கருதல். ஆனால் அதற்கு அடியில் ஓர் உரையும் இருக்கிறது: மாதிரி அந்த மூட்டையிலிருந்துதான் எடுக்கப்பட்டது, காய்க்குச் சாயம் ஏற்றவில்லை என்ற சொல். அது பொய்த்தால் எவ்வளவு கூர்மையான கருதலும் வீண்.

இனி அம்பரப்பர் மலைக்கு வருவோம். இந்திய நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. மலைக்குள் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை. அதன் முடிவில் ஒரு பெரிய குகை. அதில் 50,000 டன் இரும்புத் தகடுகளை அடுக்கிக் காந்தமாக்கிய கருவி. விண்ணிலிருந்து பொழியும் மற்றத் துகள்களைத் தடுக்க எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறை வேண்டும் என்பதால்தான் மலை. இந்தத் திட்டத்துக்காக மக்களிடம் இரண்டு உரைகள் ஒரே மூச்சில் சொல்லப்பட்டன. ஒன்று, நியூட்ரினோவால் தீங்கில்லை. மற்றது, இந்தப் பணியால் மலைக்கும் தண்ணீருக்கும் காட்டுக்கும் தீங்கில்லை. முதல் உரை இயற்பியல். நம் உடம்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் நொடிக்கு ஆறாயிரம் கோடிக்கு மேற்பட்ட சூரிய நியூட்ரினோக்கள் துளைத்துப் போகின்றன; நம் உடம்பிலுள்ள பொட்டாசியமே நொடிக்குச் சில ஆயிரம் வெளியிடுகிறது. ஆய்வகம் இவற்றை உண்டாக்கப் போவதில்லை, எண்ணத்தான் போகிறது. இரண்டாவது உரை வேறு சாதி. அது பொறியியல், இனி நடக்கப்போவதைப் பற்றிய வாக்குறுதி. எத்தனை வெடி, எந்த ஒப்பந்தக்காரர், வெட்டிய கல் எங்கே போகும், கண்காணிப்பது யார் என்பதையெல்லாம் பொறுத்தது. முதல் உரைக்கு இருக்கும் பல பத்தாண்டுச் சான்றை இரண்டாவதற்குக் கடன் கொடுத்ததுதான் பிழை. இரண்டாவதைச் சந்தேகித்தவரை முதலாவது புரியாதவர் என்று சொல்லிவிட்டோம்.

அந்தச் சந்தேகம் வீண் அல்ல என்பதற்கு ஆவணமே சான்று. முதலில் தேர்ந்த நீலகிரி சிங்காரா, முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியிருப்பதால் 2009இல் கைவிடப்பட்டது. பிறகு வந்த பொட்டிபுரத்துக்கு 2011இல் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. ஆனால் கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா 5 கிலோமீட்டருக்குள் வருகிறது, அப்படியானால் திட்டத்தை இன்னும் கடுமையான பிரிவில் ஆராய்ந்திருக்க வேண்டும் என்று கூறி, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 மார்ச்சில் அந்த அனுமதியை நிறுத்திவைத்தது. அடுத்த ஆண்டே சிறப்பு நேர்வாகக் கருதிக் கட்டுமானத் திட்டங்களுக்கான பிரிவில் மறுபடி அனுமதி வந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. புலிகளின் வழித்தடத்தைக் காரணம் காட்டித் தமிழ்நாடு அரசு 2022இல் அங்கே எதிர்ப்பைப் பதிவு செய்தது. உள்ளே நுழைந்தவனுக்கு மதி கெட்டு வழி தவறும் என்று பெயர் வாங்கிய சோலை, தூரம் அளந்தவர்களையும் விட்டுவைக்கவில்லை போலும். எவ்வளவு தூரம் என்பதைக்கூட மனு போட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால், வெடி எவ்வளவு அதிரும் என்ற சொல்லை ஊர் எந்தக் கையால் வாங்கிக்கொள்ளும்?

இதற்கு முதல் ஆட்சேபம் நியாயமானது. எதிர்த்தவர்கள் மட்டும் உண்மையே பேசினார்களா? நியூட்ரினோ கதிர்வீச்சால் பயிர் கருகும், இது ரகசிய ஆயுதக்கூடம், அணுக்கழிவைப் புதைக்கத்தான் சுரங்கம் என்றெல்லாம் பரப்பப்பட்டது. அவை பொய். அணுசக்தித் துறையும் நிதி தரும் திட்டம் என்பதால் ஐயம் எழுந்ததைப் புரிந்துகொள்ளலாம். ஐயத்தைச் செய்தியாக மாற்றியதை மன்னிக்க முடியாது. உரைக்கு வைக்கும் அளவுகோல் எதிர்ப்பு மேடைக்கும் பொருந்தும். தன் பக்கத்துக்கு லாபம் என்பதால் பொய்யை அனுமதித்தவர், அடுத்த முறை மெய்யான ஆபத்து வரும்போது கேட்பாரற்றுப் போவார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வதந்தி, நம்பத் தகுந்த உரை இல்லாத இடத்தில்தான் வேர் பிடிக்கிறது. கிணற்று நீர்மட்டத்தைப் பற்றிக் கேட்டவருக்குத் துகளின் பெருமையைப் பதிலாகத் தந்தால், கிணற்றைப் பற்றிய பதிலை அவர் வேறு யாரிடமாவது வாங்கிக்கொள்வார்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. எல்லாவற்றையும் எல்லோரும் சரிபார்க்க முடியாது; வல்லுநரை நம்பித்தான் ஆக வேண்டும்; இல்லையென்றால் தடுப்பூசிகூடப் போட முடியாது என்பது. உண்மை. ஆனால் மருத்துவம்தான் இங்கே எனக்கு நல்ல உதாரணம். புற்றுநோய் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் பெட் ஸ்கேனில் கதிரியக்க ஃப்ளூரினை நோயாளியின் ரத்தத்தில் செலுத்துகிறார்கள். அது சிதையும் ஒவ்வொரு முறையும் ஒரு நியூட்ரினோவும் உடம்பைவிட்டுப் போகிறது. நோயாளிக்கு அந்த இயற்பியல் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஆனாலும் அவர் கையெழுத்தில்லாமல் ஊசி ஏறாது. வேண்டாம் என்று எழுந்து போக அவருக்கு உரிமை உண்டு. தவறு நடந்தால் கேள்வி கேட்க ஓர் இடம் உண்டு. மருத்துவரின் உரையை நாம் ஏற்பது அவர் மேதை என்பதால் மட்டும் அல்ல, அந்த உரைக்கு அவர் பொறுப்பேற்பதால். அருணந்தியின் சைவ சித்தாந்தம் உரைக்கு விதிக்கும் நிபந்தனையும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது: குற்றமற்றவன் சொல்லே அளவையாகும். மனிதரில் குற்றமற்றவர் கிடையாது. ஆகவே குற்றம் நேர்ந்தால் பிடித்து நிறுத்தும் ஏற்பாடு அந்த இடத்தை நிரப்ப வேண்டும். ஊருக்கு அப்படி ஒரு கையெழுத்து கேட்கப்பட்டதா என்பதே கேள்வி.

மூன்றாவது ஆட்சேபம்: மக்களின் எதிர்ப்பு ஆய்வுக்கு இரைச்சல், அதைக் கேட்டுக்கொண்டிருந்தால் காலம் போய்விடும். காலம் போனது மெய்தான். நியூட்ரினோக்களின் நிறை வரிசையைக் கண்டறியும், பொட்டிபுரம் திட்டத்துக்கும் இருந்த அதே நோக்கத்துடன் சீனாவின் ஜூனோ கருவி 2025 ஆகஸ்டில் தரவு சேர்க்கத் தொடங்கிவிட்டது. ஆனால் இரைச்சலை என்ன செய்வது என்பதை நியூட்ரினோ ஆய்வே கற்றுத்தருகிறது. மத்தியதரைக் கடலில், சிசிலிக் கரைக்கு அப்பால், சுமார் 3,450 மீட்டர் ஆழத்தில் ஒளியுணர் கோளங்களைச் சரம் சரமாக நிறுத்தியிருக்கிறார்கள். 2023 பிப்ரவரியில் அதுவரை யாரும் காணாத ஆற்றலுடைய நியூட்ரினோ ஒன்றின் தடம் அங்கே பதிவானது. ஆனால் உப்புநீர் இருட்டாக இருப்பதில்லை. அதில் கரைந்துள்ள பொட்டாசியத்தில் மிகச் சிறு பங்கு கதிரியக்கமுள்ள பொட்டாசியம்-40. அது ஓயாமல் சிதைந்து மினுக்கிக்கொண்டே இருக்கிறது. கடலின் வேதியியலே கருவிக்கு எதிராக விடாமல் முணுமுணுக்கிறது. கடலை வடிகட்டவும் முடியாது, வாயை அடைக்கவும் முடியாது. அதனால் அந்த மினுக்கலைக் கொண்டே கோளங்கள் ஒவ்வொன்றும் சரியாக வேலை செய்கிறதா, நேரம் ஒத்துப்போகிறதா என்று அளவுத்திருத்தம் செய்கிறார்கள். தான் நிற்கும் நீரின் இரைச்சலை அளவுகோலாக்கத் தெரிந்த துறைக்கு, தான் குடையப்போகும் மலையடிவாரத்தின் பேச்சை அப்படிக் கேட்பது எட்டாத வித்தை அல்ல. மதிகெட்டான் தூரத்தைச் சுட்டிய ஆட்சேபம் அப்படி ஓர் அளவுத்திருத்தம்தான்.

அம்பரப்பரைச் சாமி மலை என்று ஊர் சொல்வதையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். அம்பரம் என்ற சொல்லுக்கு வானம் என்று ஒரு பொருள் உண்டு. வானத்தை மறைத்துக்கொள்ளத்தான் ஆய்வாளர்கள் அந்த மலையைத் தேடி வந்தார்கள். மலை தெய்வம் என்பதை இயற்பியல் மறுக்கவும் முடியாது, நிறுவவும் முடியாது. அது பாறையின் குணத்தைப் பற்றிய கூற்றல்ல. நாங்கள் இந்த மலைக்குக் கடன்பட்டவர்கள் என்று சொல்லும் முறை. மாடு மேய்ந்ததும் மழை இறங்கியதும் அந்தக் கணக்கில் அடங்கும். அறிவும் புனிதமானதே, பயன் கேளாமல் தேட வேண்டியதே என்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. கோலாரில் தங்கத்துக்காகத் தோண்டிய குழியில் அறிவியல் ஒண்டிக்கொண்டது. இங்கே அறிவுக்காக மட்டுமே ஒரு மலையைத் திறக்கக் கேட்கிறோம். அது உயர்ந்த கோரிக்கை; அதனாலேயே கூடுதல் பணிவோடு கேட்க வேண்டிய கோரிக்கை.

அந்தப் பணிவுக்கு உருவம் கொடுப்பது கடினமல்ல. பணி தொடங்குமுன் சுற்றியுள்ள கிணறுகளின் நீர்மட்டம், ஊர் ஏற்கும் ஒருவரால் அளக்கப்பட்டு ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் எழுதப்பட வேண்டும். ஒவ்வொரு வெடியின் அதிர்வும் அதே சுவருக்கு வர வேண்டும். சொன்ன அளவைத் தாண்டினால் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் ஊருக்கு இருக்க வேண்டும். அந்த அதிகாரம் இல்லாமல் எத்தனை விளக்கக் கூட்டம் போட்டாலும் அது உரை ஆகாது, அறிவிப்புத்தான். ஏல அறையில் மாதிரியைக் கீறிப் பார்த்த வியாபாரி, விலை சொல்லாமல் தட்டை அடுத்தவர் பக்கம் நகர்த்திவிடலாம். அவரை ஏலக்காய் தெரியாதவர் என்று போடியில் யாரும் சொல்வதில்லை.