கூண்டு எப்போது அறமாகும்?

ஓர் இனத்தைக் காக்க ஓர் உயிரின் விடுதலையைப் பறிக்கலாமா? 1987இல் உலகில் எஞ்சியிருந்த கலிபோர்னியா காண்டர் கழுகுகள் 27 மட்டுமே. கடைசிப் பறவையையும் பிடித்து, சான் டியாகோ, லாஸ் ஏஞ்சலஸ் விலங்கியல் பூங்காக்களில் வைத்துப் பெருக்கினார்கள். வலி பறவைக்குத்தான், இனத்துக்கு வலிக்காது என்ற மறுப்பு வலுவானது; அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் வெளியே அந்தப் பறவைக்குக் காத்திருந்தது விடுதலையா? வேட்டைக்காரர்களின் ஈயக்குண்டு கலந்த இறைச்சி அல்லவா! நஞ்சிட்டவன் மனிதன், காக்கும் கடனும் அவனுடையதே. குஞ்சுகள் மனிதருக்குப் பழகிவிடாதபடி, காண்டர் தலை வடிவக் கைப்பொம்மையால் இரையூட்டினார்கள். தன்னை மறைத்துக்கொண்டு செய்யும் இந்தத் தொண்டையே நான் ஜீவகாருண்யம் என்பேன். 1992இல் விடுவிக்கத் தொடங்கினார்கள். இன்று 300க்கும் மேற்பட்டவை வெளியில் பறக்கின்றன.

திறக்கும் எண்ணமே இல்லாத, வேடிக்கைக்கு மட்டுமான கூண்டுக்கு இந்த நியாயம் பொருந்தாது. ஆனால் கூண்டைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது: காண்டர்களை இன்றும் அதிகம் கொல்வது ஈயமே. கலிபோர்னியா 2019இல் வேட்டையில் ஈயக்குண்டை முழுமையாகத் தடைசெய்தது; காண்டர்கள் பறக்கும் மற்ற மாநிலங்களும் தடைசெய்ய வேண்டும்.