வன்னி மரத்தில் இறக்கிய நாண்

விஜயதசமித் திருநாளில் எம்பெருமான் குதிரை வாகனத்தில் எழுந்தருளி வன்னி மரத்தடியில் அம்பு போடும் வைபவம் நம் ஸந்நிதிகள் பலவற்றில் நடைபெற்று வருகிறது. சேவிக்கும் அடியார்களின் திருவுள்ளத்தில் அம்பும் வில்லும் நிற்கும், நாண் நிற்பதில்லை. நாணில்லையேல் வில் வெறும் கழியே அன்றோ!

மூர்வை என்னும் செடியின் நாரால் திரிக்கப்பட்டமையால் நாணுக்கு மௌர்வீ என்று வடமொழியில் பெயர் ஏற்பட்டது. வில்லாளி வேலை முடிந்ததும் அதைத் தளர்த்தி வைப்பான். இரவும் பகலும் ஏற்றியே வைத்திருந்தால் வில் வளைந்தபடியே பழகித் தன் வேகத்தை இழக்கும்; நாணும் நீண்டு தொய்ந்துவிடும். ஈரம் பட்டால் அதன் வலிவு கெடும்.

இந்த இலக்கணம் முழுவதையும் விராட பர்வத்தில் காணலாம். பன்னிரண்டு ஆண்டு வனவாசம் முடிந்து, பாண்டவர்கள் ஓராண்டு மறைந்து வாழ வேண்டிய காலம். அடையாளம் வெளிப்பட்டால் மீண்டும் பன்னிரண்டு ஆண்டு காடு. விராடனுடைய நகருக்கு வெளியே, மயானத்தருகே ஏறுதற்கரிய வன்னி மரம் ஒன்றை அர்ஜுனன் காட்டினான். சகோதரர்கள் தத்தம் வில்லின் நாணைத் தளர்த்தினார்கள். நகுலன் மரமேறி, மழை சாராத கிளையிடுக்காகத் தேடி அவற்றை இறுகக் கட்டினான். பிறர் அணுகாதிருக்கப் பிணம் ஒன்றும் உடன் கட்டப்பட்டது. வழியில் கண்ட இடையர்களிடம், நூற்றெண்பது வயதான எங்கள் தாய், இது எங்கள் குலவழக்கம் என்று சொல்லிச் சென்றார்கள்.

வில்லை மரத்தில் மறைத்துவிட்டார்கள். கையிலிருந்த தழும்பை எங்ஙனம் மறைப்பது? இரு கைகளாலும் எய்பவனாதலால் அர்ஜுனனுக்கு நாண் உராய்ந்த தழும்பு இரு கைகளிலும் இருந்தது. பிருகந்நளையாய் நாட்டியம் கற்பிக்கப் புகுந்தவன் அதை வளையல்களால் மூடிக்கொண்டான். உலகை நடுங்கவைத்த வீரனுக்கு வளையல் ஒலியே ஓராண்டுக்கு நாணொலி ஆயிற்று! கீசகன் அரசவையிலேயே திரௌபதியை உதைத்தபோதும் வன்னியிலிருந்து ஒரு வில்லும் இறங்கவில்லை. நாணேற்றிய வீரத்தைக் கொண்டாடுவோர் பலர்; இறக்கி வைத்துப் பொறுத்திருந்த அந்த ஓராண்டின் அருமையை எண்ணுவோர் சிலரே.

கௌரவர்கள் பசுக்களைக் கவர வந்தபோது உத்தரன், பிணத்தைத் தொடுவதா என்று தயங்கித் தயங்கி மரமேறினான். வளையல்களைக் கழற்றிய அர்ஜுனன் காண்டீவத்தில் நாணேற்றி ஒலியெழுப்பினான். இடி விழுந்தாற்போன்ற அவ்வொலியைக் கேட்டே, வந்திருப்பவன் இன்னான் என்று குருசேனை அறிந்துகொண்டது. மழை படாமல் காத்த நகுலனுடைய கைத்திறனையும் இங்கே நினைக்கத்தான் வேண்டும்.

ஆயினும் மற்றொரு நாளும் வந்தது. கண்ணபிரான் தன்னடிச்சோதிக்கு எழுந்தருளிய பின், யாதவ ஸ்த்ரீகளை அழைத்துக்கொண்டு அர்ஜுனன் பஞ்சநத நாட்டு வழியே சென்றான். தடிகளைத் தாங்கிய ஆபீரர்கள் வழிமறித்தார்கள். அதே காண்டீவம், அதே நாண், அதே கை. பெரும்பாடுபட்டுத்தான் அவனால் நாணேற்ற முடிந்தது. அஸ்திரங்களை நினைத்தான், நினைவில் ஒன்றும் வரவில்லை. குறையாத தூணியில் அம்புகள் தீர்ந்தன. வில்லின் நுனியால் அடித்துப் பார்த்தான். கண்ணெதிரே பெண்கள் கவர்ந்து செல்லப்பட்டார்கள். நாணில் ஒரு பழுதும் சொல்வாரில்லை. தேர்த்தட்டில் முன்னே அமர்ந்திருந்தவன் இல்லை, அவ்வளவே.

அதன்பின்னும் பற்று விடாமல், மகாப்ரஸ்தானத்திலும் காண்டீவத்தைச் சுமந்தே நடந்தான். அக்னி பகவான் மனித உருவில் எதிரே நின்று, வருணனிடமிருந்து வாங்கிக் கொடுத்ததை வருணனிடமே சேர்க்கும்படி கேட்டான். அர்ஜுனன் வில்லையும் தூணிகளையும் நீரில் இட்டுவிட்டு, வெறுங்கையோடு தமையன் பின்னே நடந்தான்.