உண்டியலும் பட்டப்பெயரும்



தேசத்துக்கு ஆபத்து நேரிட்ட காலத்தில் பள்ளிக்கூடம் பிள்ளைகளுக்கு எதைக் கற்பிக்க வேண்டும்? கொடுக்கக் கற்பித்தால் போதுமா, அல்லது பகைக்கவும் கற்பிக்க வேண்டுமா? தேவ கற்பனைகளில் நான்காவது, பெற்றோரைச் சங்கிப்பதோடு பிறந்த நாட்டையும் நேசிக்கும்படி நம்மைக் கடமைப்படுத்துகிறது. ஐந்தாவதோ, கொலையையும் அதற்கு வித்தாகிய பகையையும் விலக்குகிறது. யுத்தம் வந்துவிட்டால் நான்காம் கற்பனை மட்டும் நின்று, ஐந்தாம் கற்பனை ஓய்வெடுத்துக்கொள்ளுமா? இதைப் பற்றி இவ்வாரம் நீங்கள் என்னோடு சற்று யோசிக்க வேண்டும். ஒரு வகுப்பின் ஓராண்டுக் கதையை அதற்கு ஆதாரமாக வைக்கிறேன்.

1962-ம் வருஷம் ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது நான் இந்தத் திருவண்ணாமலையில் பத்தாம் வகுப்பு மாணவன். அவ்வருஷம் அக்டோபர் 20-ந் தேதி சீனச் சேனை லடாக்கிலும் வடகிழக்கு எல்லையிலும் ஒருங்கே தாக்கியது. 26-ந் தேதி நாடெங்கும் நெருக்கடி நிலை பிரகடனமாயிற்று. பாதுகாப்பு நிதிக்குப் பொருள் கொடுக்கும்படி ஜனங்கள் கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். இமயம் எங்கே, நம் அண்ணாமலை எங்கே! ஆயினும் சில நாட்களுக்குள் யுத்தம் எங்கள் வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது.

பிஸ்கோத்து டப்பா ஒன்றின் மூடியில் துளை போட்டு உண்டியல் செய்தோம். திங்கட்கிழமைதோறும் அது பெஞ்சு பெஞ்சாகச் சுற்றி வந்தது. ஐந்து நயா பைசா, பத்து நயா பைசா என்று பலகாரக் காசெல்லாம் அதில் விழுந்தது. கொடுத்தவன் பெயரும் தொகையும் கரும்பலகை ஓரத்தில் எழுதப்பட்டன. பூகோள வாத்தியார் தவாங் எங்கே, பொம்டிலா எங்கே என்று படத்தில் காட்டினார். ஜவான்களுக்குக் கடிதம் எழுதினோம். என்.சி.சி. பிள்ளைகள் மாலைதோறும் அணிவகுத்து நடந்தார்கள். கடைத்தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி நிதி சேர்த்தோம். என் தாயார் காதிலிருந்த தோட்டைக் கழற்றி ஒரு காகிதத்தில் பொதிந்து கொடுத்தார்கள். தேவாலயத்தில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையை நம் ஆண்டவர் மெச்சிக்கொண்டார் அல்லவா? அத்தகைய காணிக்கைகளை அந்த மாதத்தில் நான் கண்ணாரக் கண்டேன். அதை இன்றும் குறைவாகப் பேச மாட்டேன்.

ஆனால் கதை இத்தோடு முடியவில்லை. நிதிக்காக ஒரு நாடகம் போட்டோம். சீனச் சிப்பாய் வேஷம் கட்ட ஒருவரும் முன்வரவில்லை. எங்கள் வகுப்பில் கண் சிறுத்த ஒரு பையன் இருந்தான். இட்டிலி சுட்டு விற்கும் ஓர் அம்மாளுக்கு ஒரே மகன். அவனைப் பிடித்து முன்னே தள்ளினோம். "தேசத்துக்குத்தானே" என்று அவனும் சம்மதித்தான். நாடகம் நன்றாகவே நடந்தது. வேஷம் அன்று இரவே கலைந்தது, பெயர் கலையவில்லை. மறுநாள் காலையில் அவனைப் பார்த்து, "சீனன் வருகிறான்!" என்று முதலில் கூவியவன் நான்தான்.

நவம்பர் 21-ந் தேதி சீன அரசாங்கம் யுத்த நிறுத்தம் அறிவித்தது. மலைமேல் கார்த்திகைத் தீபம் ஏறும் முன்னமே எல்லையில் துப்பாக்கிகள் அடங்கிவிட்டன. எங்கள் வகுப்பில் மாத்திரம் யுத்தம் அடங்கவில்லை. அவன் பக்கத்தில் உட்கார ஒருவரும் விரும்பவில்லை. பந்தாட்டத்தில் அவனைச் சேர்க்கவில்லை. வாரந்தோறும் அவன் இருபத்தைந்து நயா பைசா கொடுத்து வந்தான். வகுப்பில் அதற்கு மேல் கொடுத்தவன் இல்லை. கரும்பலகையில் அந்தத் தொகைக்கு நேரே அவன் பெயரை எழுதாமல் பட்டப்பெயரை எழுதினோம். வருஷக் கடைசியில் வகுப்புப் படம் எடுத்த அன்று அவன் வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் விசாரிக்கவுமில்லை.

"சிறுபிள்ளை விளையாட்டு, இதற்கு இவ்வளவு பிரசங்கமா?" என்பீர்கள். அதே மாதத்தில் பெரியவர்கள் செய்த காரியத்தையும் கேளுங்கள். அசாமிலும் வங்காளத்திலும் தலைமுறையாய்க் குடியிருந்த சீன வம்சத்தார் ஏறக்குறைய 3,000 பேர் ரயிலேற்றப்பட்டு, ராஜஸ்தானத்திலுள்ள தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் கிழவர்கள் இருந்தார்கள், கைக்குழந்தைகள் இருந்தார்கள், பள்ளி மாணவர்களும் இருந்தார்கள். பலர் இந்த மண்ணிலேயே பிறந்தவர்கள். சிலருக்கு 1967 வரையில் விடுதலை கிடைக்கவில்லை. அப்பொழுது எங்களுக்கு இது ஒன்றும் தெரியாது. ஆனால் முகத்தைப் பார்த்துச் சத்துருவென்று தீர்த்த அந்தப் புத்தியும், எங்கள் வகுப்பின் புத்தியும் ஒரே விதையில் முளைத்தவை.

நம் தாயாகிய திருச்சபை நாட்டைக் காப்பதைப் பாவமென்று ஒருகாலும் சொன்னதில்லை. ஆனால் யுத்தம் நியாயமாயிருக்க மூன்று காரியங்கள் வேண்டுமென்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் விளக்குகிறார்: உரிய அதிகாரியின் கட்டளை, நியாயமான காரணம், நேர்மையான கருத்து. முதல் இரண்டும் அரசாங்கத்தாரின் பொறுப்பு. மூன்றாவதோ சிப்பாய் முதல் பள்ளிப் பிள்ளை வரை ஒவ்வொருவனுடைய இருதயத்தையும் சேர்ந்தது. காரணம் எவ்வளவு நியாயமாயிருந்தாலும், கருத்தில் குரோதம் புகுந்தால் அவனளவில் அது பாவமாகிறது.

அந்தப் பள்ளி வருஷம் திருச்சபைக்கும் மறக்கமுடியாத வருஷம். அக்டோபர் 11-ந் தேதி பாப்பரசர் 23-ம் அருளப்பர் ரோமையில் பொதுச் சங்கத்தைத் துவக்கினார். கூபா விஷயமாய் வல்லரசுகள் மோதும் நிலையிலிருந்தபோது, 25-ந் தேதி வானொலி மூலம் சமாதானத்துக்காக மன்றாடினார். 1963 ஏப்ரல் 11-ந் தேதி, பெரிய வியாழனன்று, உலக சமாதானத்தைக் குறித்து நிருபம் வெளியிட்டார். கத்தோலிக்கருக்கு மட்டுமன்றி நல்ல மனதுள்ள யாவருக்கும் எழுதப்பட்ட நிருபம் அது. தப்பறை வேறு, தப்பறையில் விழுந்த மனிதன் வேறு. விழுந்தவனும் மனித மகிமையை இழப்பதில்லை என்று அதில் போதித்தார். தப்பு செய்தவனைப் பற்றியே இப்படியானால், ஒரு தப்பும் செய்யாமல் கண் மட்டும் சிறுத்திருந்த எங்கள் தோழனைப் பற்றி என்ன சொல்ல!

"பகையில்லாமல் வீரம் வருமா? பிள்ளைகளுக்கு ரோஷம் ஊட்டாமல் தேசபக்தி வளருமா?" என்று சிலர் கேட்கலாம். என் தாயாருக்குச் சீனா எந்தத் திசையிலிருக்கிறது என்று தெரியாது. அவர்கள் யாரையும் வையவுமில்லை. ஆயினும் இருந்த ஒரே தோட்டைக் கழற்றிக் கொடுத்தார்கள். நேசம் தனியாக நின்று செய்த காரியம் அது. எங்கள் பகையினால் நிதிக்கு ஒரு நயா பைசாவும் கூடவில்லை. வாரந்தோறும் அதிகம் கொடுத்த ஒருவனை நாங்கள் இழந்ததுதான் கண்ட பலன்.

பெற்றோர்களே, ஆசிரியர்களே, அந்தக் காலம் போய்விட்டது என்று இருந்துவிடாதீர்கள். நம் மாவட்டத்திலும் இலங்கைத் தமிழருக்கான முகாம்கள் உண்டு. அவற்றை மறுவாழ்வு முகாம் என்றே அழைக்க வேண்டுமென்று தமிழக அரசு 2021-ம் ஆண்டில் அறிவித்தது. அரசாங்கத்தின் ஏட்டில் பெயர் மாறிற்று. நம் பிள்ளைகளின் வாயில் மாறிற்றா? பெரிய கோயிலைச் சுற்றி அமைந்த இந்நகரத்தில் நாமும் சிறு கூட்டமே. வேற்றாள் என்று ஒருவனை ஒதுக்குவது எவ்வளவு எளிது என்பதை நாமல்லவா அறிந்திருக்க வேண்டும்? எல்லையில் எப்பொழுதாவது குண்டு வெடித்தால், அன்று மாலை உங்கள் வீட்டுப் பிள்ளை யாரை என்ன பெயரிட்டு அழைக்கிறான் என்று கவனித்துக் கேளுங்கள். கொடுக்கக் கற்றுக்கொடுங்கள், அதே மூச்சில் அந்தப் பெயரையும் திருத்துங்கள்.

அந்தப் பெரிய வாரத்தில் நான் பாவசங்கீர்த்தனம் செய்தேன். குருவானவர் பொறுமையாய்க் கேட்டுவிட்டு, "அவனுக்கு அவன் தாய் இட்ட பெயர் என்ன?" என்றார். சொன்னேன். "அந்தப் பெயரால் அவனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேள். அதுவே உனக்கு அபராதம்" என்றார். பள்ளிக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். ஜூன் மாதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். ஜூன் மாதத்தில் அந்த அம்மாளின் கடை இருந்த இடத்தில் வேறொருவர் கடை வைத்திருந்தார். எந்த ஊருக்குப் போனார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை.

இன்று எனக்கு வயது எண்பதை நெருங்குகிறது. அந்த அபராதம் இன்னும் தீரவில்லை. உங்களுக்கும் இப்படி ஒரு கடன் இருக்குமானால், வாசகர்களே, விடுமுறை முடியட்டும் என்று காத்திராதேயுங்கள்.