கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்

“எல்லாம் சரிதான் சார், வினைமுதலைத்தான் காணோம்” என்றார் மூன்றாம் மாடி அம்மா. அரசுப் பள்ளியில் முப்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நான் எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருந்த மழைக்கால அறிவிப்பைக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். “குடியிருப்போர் தத்தம் பால்கனியில் உள்ள பூந்தொட்டிகளை உள்ளே எடுத்து வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள். சரி, யார் கேட்டுக்கொள்கிறார்?”

சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன்.

புதுச்சேரிக்கு வடக்கே, காலாப்பட்டுப் பக்கம், கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில் இருக்கும் இருபத்து நாலு வீட்டு அடுக்ககம் எங்களுடையது. ஓய்வு பெற்றவன், எழுத்து வேலை தெரிந்தவன், மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன் என்கிற மூன்று தகுதிகளால் என்னைச் சங்கச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். பருவத்துக்கு ஒரு அறிவிப்பு எழுதுவது என் வேலை. பங்குனி முடிந்தால் தண்ணீர், ஆடி வந்தால் காற்று, புரட்டாசி கடைசியில் மழை. கிரில் கம்பிக்கு வண்ணம் பூசுங்கள், ஏ.சி.யின் வெளிப்பெட்டியில் படிந்த உப்பைக் கழுவுங்கள், மொட்டைமாடிக் கதவைத் தாழ்ப்பாள் போடுங்கள். விஷயம் எதுவானாலும் வாக்கியம் அந்த ஒரே வாசலில்தான் போய் முடியும். ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ இந்த நடையை எங்கே கற்றேன் என்று எனக்கே தெரியும். நெய்வேலியில்.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது 1956-ல். நானும் அதே வருஷத்துப் பிள்ளை. 1957 மே 20-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தபோது எனக்கு நடக்கத் தெரிந்திருக்காது. 1961 ஆகஸ்டில் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த வருஷமே முதல் அனல்மின் நிலையம் மின்சாரம் தந்தது. அப்பா அந்தச் சமயத்தில்தான் வேலைக்குச் சேர்ந்து எங்களை டவுன்ஷிப்புக்குக் கூட்டிவந்தார். வட்டம் வட்டமாகப் பிரித்த ஊர். விலாசமே எண்தான். தெருவுக்குத் தெரு ஒரே அச்சில் வார்த்த குவார்ட்டர்ஸ், முன்னால் கொஞ்சம் இடம், வேம்பு, மா, பலா. பொன்வண்டு பிடித்துத் தீப்பெட்டியில் போட்டு வளர்த்த பிள்ளைகளுக்கு அது சொர்க்கம்.

சொர்க்கத்தில் ஆணி அடிக்கக்கூடாது. அப்பா அதில் கறார். “கம்பெனி சுவருடா” என்பார். காலண்டர் மாட்டுவதற்குக்கூட முன்னால் இருந்தவர் அடித்துவிட்டுப் போன ஆணியையே தேடுவார். ஓடு ஒழுகினால் எழுதிக் கொடுக்க வேண்டும், ஆள் வருவார். குழாய் சொட்டினால் எழுதிக் கொடுக்க வேண்டும், ஆள் வருவார். மழைக்கு முன்னால் கிளை வெட்டவும் ஆள் வருவார். அதற்கும் முன்னால் நோட்டீஸ் வரும். அம்மா குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமத்துக்காரி. எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரேறுவதைப் பார்த்தே விறகை உள்ளே அடுக்குகிற வீட்டில் பிறந்தவள். டவுன்ஷிப்புக்கு வந்து பத்து வருஷத்தில், “இன்னும் நோட்டீஸ் வரலியே, மழைக்கு நாள் இருக்கு” என்று சொல்லத் தொடங்கிவிட்டாள்.

அதைக் குறையாகச் சொல்லவில்லை. நன்றாகத்தான் இருந்தது. முகம் தெரியாத யாரோ நம் கூரையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறார் என்பது தூக்கத்துக்கு நல்லது. அந்த அறிவிப்பில் அன்பு கிடையாது, கோபமும் கிடையாது. வினைமுதல் இல்லாததால்தான் அது எல்லோருக்கும் பொருந்தியது. இன்ன அதிகாரி கேட்கிறார் என்று எழுதியிருந்தால் அவரைப் பிடிக்காத நாலு பேர் கிளையை வெட்ட விட்டிருக்க மாட்டார்கள்.

வினைமுதலோடு எழுதுகிற இடமும் அந்த ஊரில் ஒன்று உண்டு. 16-வது வட்டத்து நடராசர் கோயில். அங்கே ஆராய்ச்சி மணியும் மனுநீதி முறைப்பெட்டியும் இருக்கின்றன. குறையை எழுதிப் பெட்டியில் போட்டு மணி அடிக்கலாம். அங்கே யாரும் ‘வேலை வழங்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்று எழுதியிருக்க மாட்டார்கள். என் மகனுக்கு வேலை வேண்டும், என் மகளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்றுதான் எழுதியிருப்பார்கள். மேலிருந்து கீழே வரும் காகிதத்தில் ‘நான்’ இருக்காது. கீழிருந்து மேலே போகும் காகிதத்தில் ‘நான்’ தவிர வேறொன்றும் இருக்காது.

பிறகு நானும் அங்கேயே வேலைக்குப் போனேன், சுரங்கத்தில் கன்வேயர் பகுதிக்கு. மழை என்றால் என்ன என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. நெய்வேலிச் சுரங்கத்துக்குத் தண்ணீர் இரண்டு பக்கத்திலிருந்தும் வரும். கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீர் ஒன்று. அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்காவிட்டால் சுரங்கத் தரையையே பிளந்துகொண்டு மேலே வரும். ஐப்பசி, கார்த்திகையில் வானத்திலிருந்து விழுவது இன்னொன்று. செம்மண்ணும் களியும் குழைந்து பெல்ட்டில் அப்பிக்கொள்ளும். மண்ணை வெட்டும் பக்கெட் வீல் அசையாது. 2015 நவம்பர் 9-ம் தேதி நெய்வேலியில் 40 செ.மீ.க்கும் மேல் கொட்டியது. அன்று பள்ளத்தின் விளிம்பில் நின்று கீழே பார்த்தவன் நான். சுரங்கம் ஏரியாகிக்கொண்டிருந்தது. நைட் ஷிப்டில் பம்ப் நின்றால் போன் அடிப்பார்கள். அந்தப் போனில் யாரும் செயப்பாட்டு வினையில் பேசியதில்லை. “அண்ணே, நின்னு போச்சு, வாங்க.” அவ்வளவுதான்.

அதற்கு நாலு வருஷம் முன்பு ‘தானே’ புயல் வந்தது. 2011 டிசம்பர் 30 விடியற்காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. காற்று மணிக்கு 140 கி.மீ. வரை. நாங்கள் கடலூரிலிருந்து சுமார் 40 கி.மீ. உள்ளே இருக்கிறோம், துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு எல்லாம் மீனவர்களுக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். காலையில் கதவைத் திறந்தால் தெருவைக் காணோம், மரங்கள்தான் கிடந்தன. ஐம்பது வருஷத்து நிழல் ஒரு ராத்திரியில் போயிற்று. ஊர் வெளிச்சமாக இருந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. மின்சாரம் விளைகிற ஊரில் எங்கள் வீட்டில் நாலு நாள் மெழுகுவத்தி. யாரும் அறிவிப்புக்குக் காத்திருக்கவில்லை. எதிர்வீட்டு மலையாளத்துக்காரர் அரிவாளோடு வந்தார், பின்வீட்டுத் தம்பி கயிறு கொண்டுவந்தான். கம்பெனி மரம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மா வந்தார். பண்ருட்டிச் சாலையில் உள்ளே தள்ளி ஒரு கிராமம். அந்தப் பக்கமெல்லாம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. முந்திரி நட்டால் காய்க்கச் சில வருஷம் ஆகும், பலா இன்னும் அதிகம். ஒரு தலைமுறையின் சேமிப்பு அப்படியே தரையில் படுத்திருந்தது. கதவில் ஒட்டியிருந்த மழைக்கால நோட்டீஸின் கிழிந்த பாதியைப் பார்த்து, “இது என்னங்க?” என்றார். சொன்னேன். “உங்க ஊருக்கு மழை வருதுன்னு நோட்டீஸ் வருது. எங்க ஊருக்கு நோட்டீஸ்னா வேற” என்றார்.

டவுன்ஷிப் மதிலுக்கு வெளியே ‘நோட்டீஸ்’ என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான், நிலமெடுப்பு. நான் ஓடி விளையாடிய வட்டங்களும் எனக்குச் சோறு போட்ட சுரங்கமும் பல கிராமங்கள் எழுந்து போன இடத்தில் வந்தவை. ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் 620 ஏக்கரைத் தானமாகக் கொடுத்தார் என்று எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். ஊரில் அவருக்குச் சிலையும் உண்டு. கொடுத்தவர் பெயர் தெரியும். நோட்டீஸ் வாங்கிக்கொண்டு வண்டியில் தட்டுமுட்டுச் சாமான் ஏற்றிப் போனவர்கள் பெயர் எனக்கு ஒன்றுகூடத் தெரியாது. அவர்களுக்கு வந்த காகிதத்திலும் வினைமுதல் இருந்திருக்காது. ‘நிலம் கையகப்படுத்தப்படுகிறது.’ கிளையை வெட்டச் சொல்லும்போது இதமாக இருந்த இலக்கணம், வீட்டை விடச் சொல்லும்போது எப்படி இருந்திருக்கும்? இந்தக் கேள்வி எனக்கு ஓய்வுக்கு அப்புறம்தான் வந்தது. முன்னால் வந்திருந்தால் மரியாதையாக இருந்திருக்கும்.

2023 ஜூலையில் வளையமாதேவியில், பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக, பச்சையாக நின்ற நெல்வயலில் இயந்திரங்கள் இறங்கியதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தார்கள். நிலம் எப்போதோ எடுத்தாயிற்று, பயிர் வைக்க வேண்டாம் என்று சொல்லியாயிற்று என்றது ஒரு தரப்பு. வைத்த பயிரை அறுக்கவாவது விட்டிருக்கலாமே என்றது மறு தரப்பு. சட்டப்படி எது சரி என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. எனக்கு உறைத்தது வேறு. காகிதத்துக்குத் தேதி தெரியும், பருவம் தெரியாது. நெல்லுக்குத் தேதி தெரியாது. இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் நின்று, ‘இன்னும் கொஞ்ச நாள் பொறுப்போம்’ என்று சொல்லியிருக்க வேண்டும். வாக்கியத்தில் வினைமுதல் இருந்தால்தானே அந்த ஆள் இருப்பார்?

2016-ல், கம்பெனியின் பெயரே மாறிய வருஷம், நான் ஓய்வு பெற்றேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியை ஒப்படைத்த அன்று சுவரைத் தடவிப் பார்த்தேன். நான் அடித்த ஆணி ஒன்றுகூட இல்லை. அப்பாவுக்குப் பெருமையாக இருந்திருக்கும். எனக்கு என்னவோ போல இருந்தது. சொந்த வீடு வேண்டும், கடல் தெரிய வேண்டும் என்று மனைவி சொன்னாள். வாங்கினோம். பத்திரத்தில் ஒரு அருமையான சொல் இருந்தது: ‘பிரிபடாத பாகம்’. அடிமனையில் எனக்கும் பங்கு உண்டு, ஆனால் இதுதான் என் பங்கு என்று ஓர் அடி மண்ணைக்கூடக் காட்ட முடியாது. குடிவந்த அன்றே கூடத்தில் ஐந்து ஆணி அடித்தேன்.

சுவருக்கு உள்ளே எல்லோரும் முதலாளி. சுவருக்கு வெளியே ஒருவரும் இல்லை. மொட்டைமாடி யாருடையது? தண்ணீர்த் தொட்டி யாருடையது? கீழே கார் நிறுத்துமிடத்தில் ஒரு தூணில் காங்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிகிறது. கடலோரத்தில் இது சாதாரணமாக வரும் வியாதி. உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருக்கும். பருத்த கம்பி காங்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். ஒவ்வொரு மழைக்காலமும் அதை ஒரு நூல் அகலப்படுத்திவிட்டுப் போகும். நெய்வேலியாக இருந்தால் எழுதிக் கொடுத்திருப்பேன், ஆள் வந்திருப்பார். இங்கே எழுதுவதும் நான், எழுதிக் கொடுக்க வேண்டியதும் எனக்கே.

அமெரிக்காவில் மயாமிக்கு அருகே சர்ஃப்சைடு என்ற கடற்கரை ஊரில், 1981-ல் கட்டிய பன்னிரண்டு மாடி அடுக்ககம் ஒன்று 2021 ஜூன் 24 நள்ளிரவுக்குப் பின் சரிந்தது. சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத். 98 பேர் போனார்கள். காங்கிரீட் கெட்டுப்போயிருக்கிறது என்று 2018-லேயே பொறியாளர் எழுதிக் கொடுத்துவிட்டார். பழுது பார்க்கச் சுமார் ஒன்றரைக் கோடி டாலர் ஆகும், சேதம் வேகமாகக் கூடிக்கொண்டே போகிறது என்று 2021 ஏப்ரலில் சங்கத் தலைவர் குடியிருப்போருக்குக் கடிதமே எழுதினார். கடிதம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு முந்தைய வருஷங்களெல்லாம் பணம் எவ்வளவு, யார் பங்கு எவ்வளவு என்ற பேச்சிலேயே போய்விட்டன. ஆக, ஒரு வினைமுதலை ஒட்டவைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் தமிழம்மாவிடம் சொல்லப் போவதில்லை. ஆனாலும் அந்த ஏப்ரல் கடிதத்தைப் பற்றிப் படித்த நாளிலிருந்து தூணைப் பார்க்காமல் என்னால் காரை எடுக்க முடிவதில்லை.

மறுநாள் ஒட்டியிருந்ததைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். “மழைக்கு முன் மொட்டைமாடி வடிகாலைச் சுத்தம் செய்ய நான் சனிக்கிழமை காலை 7 மணிக்குப் போகிறேன். கூட வர முடிந்தவர்கள் வாருங்கள். காபி எங்கள் வீட்டில். தூண் விஷயம் ஞாயிறு மாலை பேசுவோம்.” கீழே என் பெயரும் வீட்டு எண்ணும்.

இருபத்து நாலு வீட்டிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். தமிழம்மா முதல் ஆள், தலையில் துண்டு கட்டிக்கொண்டு. வடிகால் வாயில் சருகு, காக்கை கொண்டுவந்து போட்ட எலும்பு, ஒரு பழைய டென்னிஸ் பந்து. பந்தை எடுத்ததும் தேங்கியிருந்த தண்ணீர் ஒரு சத்தத்தோடு இறங்கியது. சின்னப் பையன் ஒருவன் கை தட்டினான்.

ஞாயிறு கூட்டத்துக்குப் பதினேழு பேர் வந்தார்கள். காபிக்கு அல்ல, பணம் என்று தெரிந்ததால். இரண்டரை மணி நேரம் பேசினோம். கடல் பார்த்த வீட்டுக்காரர் அதிகம் தர வேண்டுமா, தரைத்தளத்துக்காரர் ஏன் லிஃப்ட்டுக்குத் தர வேண்டும், தூண் பழுதைக் கட்டியவன் தலையில் கட்ட முடியாதா என்றெல்லாம் போயிற்று. இரவு ஒன்பதரைக்கு எல்லோரும் எழுந்து போன பிறகு பதிவேட்டைத் திறந்து, தேதி போட்டு, என் கையாலேயே எழுதினேன்: ‘தூண் பழுது குறித்த முடிவு தை மாதக் கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.’