வீட்டு விலையும் பள்ளி வாயிலும்

பொதுப்பள்ளி அனைவருக்கும் சொந்தம் என்கிறோம். அதன் வாயிலில் வீட்டு விலை காவல் நின்றால்?

டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்டோனியோவைக் காண்போம். ஆங்கே மாநிலப் பணத்தோடு வீட்டு, நில வரியும் சேர்ந்தே பள்ளியை நடத்தும். 1967-68இல் ஏழையர் வாழ்ந்த எட்ஜ்வுட், நூறு டாலர் சொத்துக்கு 1.05 டாலர் வரி செலுத்தியது. கட்டாயப் பங்கு போக மாணவருக்குக் கிடைத்ததோ 26 டாலர்! செல்வர் வாழ்ந்த அலமோ ஹைட்ஸ் செலுத்தியது 85 சென்ட். கிடைத்தது 333 டாலர்! மிகுதியாக வரி தந்தவன் பிள்ளைக்குக் குறைந்த கல்வி, இதுவா நீதி? நல்ல பள்ளியால் வீட்டு விலை ஏறும், ஏறிய விலையால் பள்ளி செழிக்கும்; ஏழை எப்போது உள்ளே நுழைவது?

பெற்றோர் வழக்காடினர். 1973இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் கைவிரித்தது. பிறப்பைக் கேட்டுக் கதவடைத்தோரைச் சாடிய நாம், தெருவைக் கேட்டுக் கதவடைப்பதை வாணிபம் என்று வாளா இருப்பதோ? எட்ஜ்வுட் இருக்கவில்லை, மாநில உச்சநீதிமன்றத்தில் மீண்டும் போராடி, 1989இல் வென்றது.